லஞ்சத்தைச் சங்கமாகச் சேர்ந்து மறுப்பது எப்படி? சிறுதொழில் நடத்துவோருக்கான செய்முறை

"கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று கேட்கும்போது தனியாளாக மறுப்பது கடினம். நம் ஃபைல் அப்படியே கிடக்கும், பக்கத்து ஷெட்காரர் கொடுத்து வேலையை முடித்துக்கொள்வார். ஒரே தொழிற்பேட்டையில் 20 பேர் சேர்ந்து மறுத்தால் கேட்பவர்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிலோ, லஞ்ச ஒழிப்புத் துறை போன்ற விசாரணை அமைப்பிலோ புகார் செய்துவிட்டால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. இந்த 7 நாள் கணக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. உங்களுக்காக ஏஜெண்ட் கொடுத்தாலும் நிறுவனம் மாட்டும். தடுக்கப் போதிய ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று நிரூபித்தால்தான் தப்பலாம்.

படி 2: ஆள் சேருங்கள்

ஒரே அலுவலகத்துக்கு அலையும் 5 பேர் போதும், தொடங்கிவிடலாம். உங்களுக்கு ஆர்டர் தரும் பெரிய நிறுவனத்தையும் அழையுங்கள். சப்ளையர்கள் லஞ்சம் தரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறவர்கள், உங்கள் ஃபைல் தாமதமாகும்போது டெலிவரிக்குக் கூடுதல் நாள் தரட்டும். அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

கூட்டத்தில் விலை, டெண்டர் தொகை பற்றிப் பேச்சே வரக் கூடாது. வந்தால், போட்டியாளர்கள் கூடி விலை பேசிக்கொள்வதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தில் சிக்கல்.

படி 3: பதிவேடு

இதுதான் உயிர்நாடி. தேதி, அலுவலகம், எந்த அனுமதி, கேட்ட தொகை, சொன்ன காரணம், எத்தனை நாள் இழுத்தார்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள். அதிகாரியின் பெயர் வேண்டாம். நாம் தேடுவது எந்த மேசையில், எந்த விதியைச் சாக்காக வைத்துக் கேட்கிறார்கள் என்பதை. உறுப்பினர் பெயரும் வெளியே தெரியாதபடி, எல்லோரும் நம்பும் ஒருவரிடம் பதிவேடு இருக்கட்டும்.

பழைய வவுச்சர்களையும் புரட்டுங்கள். "இதரச் செலவு" என்று மட்டும் எழுதிய தாள்களும், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் மொத்தமாகத் தொகை போட்ட ஏஜெண்ட் பில்களும் பல கதை சொல்லும்.

படி 4: ஒரு பக்க ஒப்பந்தம்

மூன்றே வரி போதும்: ரசீதில்லாப் பணம் தர மாட்டோம். ஏஜெண்ட் பில்லில் அரசுக் கட்டணமும் (ரசீதுடன்) அவர் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். மறுத்ததால் ஒருவருக்கு வேலை தாமதமானால், மற்றவர்கள் அவருடன் அலுவலகத்துக்கு வருவோம்.

மூன்றாவது வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் மறுப்பவர் தனியாக மாட்டிக்கொள்வார்.

படி 5: கவுண்டரில்

விண்ணப்பத்தில் ஒரு தாள்கூட விடுபடாமல் கொண்டுபோங்கள். குறை இருந்தால் பேரம் அங்கேதான் தொடங்கும். இருவராகப் போங்கள். பணிவாகச் சொல்லுங்கள்: "சார், ரசீது இல்லாம பணம் தர்றதில்லைன்னு சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். என்ன குறைன்னு எழுத்துல கொடுங்க, சரி பண்ணிட்டு வர்றோம்."

படி 6: பதிவேட்டை மேலே கொண்டுபோங்கள்

இதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். 2011-இல் சில கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து கடல்சார் ஊழல் எதிர்ப்புக் கூட்டமைப்பைத் தொடங்கின. அர்ஜென்டினாவில் தானியம் ஏற்றும் முன் கப்பலின் சரக்கறை சுத்தமா என்று சோதிப்பார்கள். சுத்தமில்லை என்று ஆய்வாளர் சொன்னால் கப்பல் காத்துக் கிடக்கும், செலவு ஏறும். அந்தப் பயத்தை வைத்துத்தான் பணம் கேட்டார்கள். உறுப்பினர்கள் பெயரில்லாப் புகார்களைத் திரட்டி, அரசுடன் பேசி, 2017-இல் ஆய்வு விதிகளையே மாற்ற வைத்தார்கள். ஆய்வாளரின் தன்னிச்சை குறைந்தது. குறுக்குச் சரிபார்ப்பும், தகராறு வந்தால் மேல்முறையீடும், மின்னணுப் பதிவும் வந்தன.

நீங்களும் துறைத் தலைவரிடம் போகும்போது "எல்லாரும் கேட்கிறாங்க சார்" என்று புலம்பாதீர்கள். பதிவேட்டில் அதிகம் வரும் ஒரே ஒரு அனுமதியை எடுத்து, அதில் எந்த விதி தெளிவில்லாமல் இருக்கிறது, எப்படித் திருத்தலாம் என்று எழுதிக் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.