பழைய ஃபைபர்கிளாஸ் ஃப்ளை ராடை இனங்கண்டு மதிப்பிடுவது எப்படி?

பழைய ஃபைபர்கிளாஸ் ஃப்ளை ராடு (செயற்கை ஈயை வீசி மீன்பிடிக்கும் கண்ணாடியிழைத் தூண்டில் கோல்) ஒன்று கைக்கு வந்தால், முதலில் தக்கைப் பிடிக்குச் சற்று மேலே உள்ள எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படியுங்கள். அங்கே தூண்டில் நூலின் அளவு 6, 7 என்று எண்ணில் இல்லாமல் எச்.டி.எச்., எச்.சி.எச். என்று எழுத்துகளில் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 1960களின் தொடக்கத்துக்கு முந்தைய கோல். எண்முறை அதன் பிறகே பரவியது. அடுத்து, துண்டுகள் இணையும் ஃபெரூலைப் பாருங்கள். உலோக ஃபெரூல் பழைய வழக்கம். கண்ணாடியிழையோடு கண்ணாடியிழையே பொருந்தும் இணைப்பை ஃபென்விக் நிறுவனம் ஃபெராலைட் என்ற பெயரில் பரவலாக்கியது. ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் வொண்டர்ராடு என்ற கோல்கள் பலவும் வெள்ளை நிறத்தாலேயே தெரிந்துவிடும்.

விலையைத் தீர்மானிப்பதில் பலர் தவறவிடுவது நீளத்தை. எல்லாத் துண்டுகளையும் அளந்து பாருங்கள்: பெரும்பாலான கோல்களில் அவை சமமாகவே இருக்கும் என்பதால், நுனித்துண்டு மட்டும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தால், அது எப்போதோ முறிந்து, நுனி வளையம் மீண்டும் பொருத்தப்பட்டது என்றே கொள்ளலாம், அப்போது சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஏழு அடியை ஒட்டிய, மெல்லிய நூலுக்கான கோல்களுக்கே பொதுவாக அதிகக் கிராக்கி. அசல் துணியுறையும் குழாய்ப்பெட்டியும் இருந்தால் இன்னும் நல்லது. விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளோடு ஒப்பிடுங்கள். அதுவரை வார்னிஷ் பூசவோ தக்கையை உப்புத்தாளால் தேய்க்கவோ தயவுசெய்து முனையாதீர்கள்.