பெங்களூரில் கார் இன்சூரன்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ரினிவல் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஒருவர் 9,000 என்பார், அதே காருக்கு இன்னொருவர் 14,000 என்பார். இரண்டும் ஒரே பாலிசி அல்ல என்பதை இருவருமே சொல்ல மாட்டார்கள். அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எது மலிவு, எது வெறும் குறைப்பு என்று புரியும்.

பிரீமியத்தில் மூன்று துண்டுகள் உண்டு: உங்கள் காரால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி, சொந்தக் காரின் சேதத்துக்கான ஓ.டி., ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. மொத்தத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி.

தேர்ட் பார்ட்டி தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. மின்சாரக் கார்களுக்கு 30 கிலோவாட் வரை 1,780, 65 வரை 2,904, அதைத் தாண்டினால் 6,712. எல்லா கம்பெனியிலும் இந்தத் தொகை ஒன்றுதான். ஆகவே தேர்ட் பார்ட்டியில் தள்ளுபடி தருவதாக ஒரு ஏஜென்ட் சொன்னால் அந்தப் பாலிசியே அசலா என்று சந்தேகப்படுங்கள். பணம் கட்டிய சில நாட்களில் அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணுக்கு நேராக இன்சூரன்ஸின் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக் காப்பீடு வேறு பாலிசியில் 15 லட்சத்துக்கு ஏற்கெனவே இருந்தால், அல்லது வீட்டில் உங்கள் பெயரிலுள்ள இன்னொரு வண்டியோடு எடுத்திருந்தால், இங்கே மறுபடி வாங்க வேண்டியதில்லை.

புதுக் கார் வாங்கியவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. ஷோரூமில் ‘மூணு வருஷ இன்சூரன்ஸ்’ என்று சொல்லித் தருவார்கள். மூன்று ஆண்டு என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும், ஓ.டி. பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் பெல்லந்தூர் சிக்னலில் இடி வாங்கிய பிறகுதான் அது தெரியவரும். பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் குறித்து வையுங்கள். 2019 செப்டம்பர் முதல் ஓ.டி.யை மட்டும் தனியாக, வேறு கம்பெனியில்கூட வாங்கலாம்.

‘கார் பழசு, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும்’ என்பவர்களுக்கு ஒன்று. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி எதிரே வருபவரைத்தான் காக்கிறது. உங்கள் காரில் உட்கார்ந்து வரும் மனைவி, நண்பர் ஆகியோருக்கு அதில் பொறுப்பு இல்லை. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் சொல்லும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் கார் என்றால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

பேரம் பேச இடமிருப்பது ஓ.டி.யில்தான். அதன் அடிப்படை ஐ.டி.வி., அதாவது கார் திருடு போனாலோ முழுதாக நாசமானாலோ கம்பெனி தரும் உச்சத்தொகை. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5%, ஓராண்டு வரை 15%, இரண்டு வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50%. அதற்கு மேல் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை. 9,000 ரூபாய் கொட்டேஷனின் ரகசியம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. ஐந்து லட்சம் பெறும் காரை நாலு லட்சம் என்று போட்டால் பிரீமியம் தானாக இறங்கும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரையே ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கிடுவார்கள். குறைத்துப் போட்ட ஐ.டி.வி. அந்த வரம்பையும் கீழே இழுத்துவிடும். ஒப்பிடும்போது எல்லா கம்பெனியிலும் ஒரே ஐ.டி.வி.யை நீங்களே டைப் செய்து, அதே ஆட்-ஆன்களை, அதாவது கூடுதல் பணத்துக்கு வாங்கும் கூடுதல் காப்புகளை, மட்டும் டிக் செய்து, கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸையும் சரியாகக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு தெரியும் வித்தியாசம்தான் உண்மையானது.

ஆட்-ஆன்களில் முதலாவது, பாகங்களுக்குத் தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப், நம் பேச்சில் ‘பம்பர் டு பம்பர்’. இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஃபைபருக்கு 30% பிடிப்பார்கள், உலோகத்துக்கு வயதைப் பொறுத்து. கண்ணாடிக்குப் பிடிப்பதில்லை. இன்றைய கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் ஐந்து வயது வரை ஜீரோ டெப் வைத்துக்கொள்வதே சரி. ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் என்று கேளுங்கள். பல பாலிசிகளில் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்த ஊரில் அதைவிட முக்கியமானது என்ஜின் புரொடெக்ஷன். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் சர்ஜாபூர் சாலை லேஅவுட்களும் மூழ்கியதை மறந்திருக்க முடியாது. வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே உண்டு: சீட், ஒயரிங், தரைவிரிப்பு எல்லாம் வரும். என்ஜின்தான் சிக்கல். தேங்கிய நீரில் ஓட்டும்போது காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வர, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் என்று சொல்லி இதைக் கழித்துவிடுவார்கள். என்ஜின் புரொடெக்ஷன் இருந்தால் இது வரும். ஆனால் நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த ஆட்-ஆன் இருந்தும் மறுப்பார்கள்.

ஆகவே அண்டர்பாஸில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்காதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் ஓர் உயிரே போனது. கார் நீரில் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மூழ்கியதென்றால், தண்ணீர் வடிந்த பின் சாவியைத் தொடாமல், கதவில் படிந்த சேற்றுக் கோடு தெரியும்படி படம் எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். டோ செய்ய அடிப்படைப் பாலிசி தருவது 1,500 ரூபாய் வரைதான். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் நல்லது.

ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட்டுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். கார் திருடு போனாலோ முழுதாக நாசமானாலோ வாங்கிய பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புதுக் காருக்குப் பொருந்தும், பழைய காருக்கு வீண். சாவி, டயர் காப்பீடெல்லாம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

உண்மையான மிச்சம் நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு ஓ.டி.யில் 20, 25, 35, 45, 50 என்று சதவீதம் ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம். 50 சதவீதத்தில் இருப்பவர், ஜீரோ டெப் இல்லாமல், பம்பருக்குக் கிளெய்ம் போடுகிறார் என்று வையுங்கள். பம்பர் 4,000, பெயிண்டிங் 3,000, கூலி 1,000, பில் 8,000. பம்பரில் பாதி போகும். பெயிண்டிங் பில்லில் கால்பங்கை மெட்டீரியல் என்று கொண்டு அதில் பாதியான 375 போகும். 1500 சி.சி. வரை கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 4,625. கழிவுக்கு முந்தைய ஓ.டி. 9,000 என்றால் அடுத்த ஆண்டே 4,500 இழப்பு. அதன் பின் மறுபடி 50-ஐ எட்டும்வரை 30, 25, 15, 5 என்று இழந்துகொண்டே போவீர்கள். ஓ.டி. மாறாமலிருந்தால் மொத்தம் 11,250. சில்க் போர்டு நெரிசலில் விழும் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள் என்பது இந்தக் கணக்கினால்தான்.

இந்த போனஸ் காருக்கல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் புதுக் காரில் பயன்படுத்தலாம். ரினிவல் 90 நாள் தாமதித்தால் போய்விடும். போனஸ் இல்லாதபோது இருப்பதாகப் பொய் சொல்லிப் பாலிசி வாங்காதீர்கள். கம்பெனிகள் தங்களுக்குள் சரிபார்க்கும், கிளெய்ம் நேரத்தில் சொந்தச் சேதப் பகுதியே அடிபடும்.

ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் தொகையான வாலன்டரி டிடக்டிபிளில் 2,500 எடுப்பது நியாயம், அதற்குக் கீழே எப்படியும் நீங்கள் கிளெய்ம் போடப் போவதில்லை. 15,000 வேண்டாம், அதற்கான தள்ளுபடிக்குப் பல இடங்களில் 2,500 என்று உச்சவரம்பு உண்டு.

தமிழ்நாட்டு நம்பரோடு இங்கே ஓட்டுபவர்கள் ஓராண்டுக்குள் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. வாங்கி, கர்நாடக ஆயுள் வரி கட்டி, கே.ஏ. நம்பருக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் புதிய எண்ணையும் முகவரியையும் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது திருத்தக் குறிப்பாக, ஏற்றுங்கள். இதை விட்டுவிட்டுக் கிளெய்மில் அலைபவர்கள் நிறைய. பெங்களூரு ‘ஏ’ மண்டலம் என்பதால் ஓ.டி. கொஞ்சம் கூடும், சில நூறு ரூபாய்தான். பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒயிட் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கெனப் பதிந்த காரை, வாடகைக்கு ஓட்டினாலும், ஆர்.சி.யில் ஏற்றாத கேஸ் கிட் இருந்தாலும் கிளெய்ம் நிற்காது.

இடித்தால் காரை நகர்த்தும் முன் படம், அன்றே கம்பெனிக்குத் தகவல். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் டிங்கரிங் தொடங்க விடாதீர்கள். யாருக்காவது காயம் என்றால் போலீஸ் பதிவு அவசியம். திருட்டென்றால் எஃப்.ஐ.ஆர். உடனே, இரண்டு சாவிகளையும் கேட்பார்கள்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் ஜே.பி. நகர் முதல் ஃபேஸ் ஜீவன் சௌதா கட்டடத்திலுள்ள இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசித் தாள், சர்வேயர் அறிக்கை, மறுப்புக் கடிதம் மூன்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.