சென்னை விமான நிலையத்திலிருந்து நகருக்குள்: மெட்ரோவா, மின்சார ரயிலா?

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் காரைத் தேடுவதற்கு முன், போக வேண்டிய இடம் எந்த ரயில் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள்: தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் என்றால் மெட்ரோ; மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் என்றால் எதிரே உள்ள திரிசூலம் நிலையத்தில் சென்னை கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் மின்சார ரயில்.

மெட்ரோவின் நீல வழித்தடம் விமான நிலையத்திலேயே தொடங்குவதால் உட்கார இடம் கிடைக்கும். கிண்டி, கத்திப்பாரா நெரிசல் எதுவும் அதைத் தொடாமல், வண்டி மாறாமலே அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரலில் சேர்த்துவிடும். எழும்பூருக்கு அதே மெட்ரோவில் போனால் நடுவில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும், ஆனால் திரிசூலத்திலிருந்து நேரடியாகப் போகலாம், கட்டணமும் மெட்ரோவைவிட மிகக் குறைவு. தியாகராய நகருக்குக் கடை கண்ணிக்காக வருபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்; மாம்பலம் நிலையத்தின் படிகளில் இறங்கினால் ரங்கநாதன் தெருதான்.

காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் பெரிய பெட்டிகளோடு மின்சார ரயிலில் ஏறுவது சிரமம். அப்போது மெட்ரோவே மேல். நள்ளிரவில் வந்திறங்குபவர்களுக்கு இரண்டுமே உதவாது. முதியவர்களோடு மூன்று, நான்கு பேராக வந்தால், காரின் வாடகையைப் பகிர்ந்துகொள்ளும்போது அதுவும் கட்டுப்படியாகும்.