ஆலை மூடப்படுகிறதா? பேனாவைத் தொடாதீர்கள்

ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் உலையடியில் நின்றவன் நான். ஆலையை மூடப்போவதாகச் சொன்ன வாரமே அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் கோப்பி, இரண்டு தாள், நீல மைப் பேனா. இருதரப்பும் உடன்பட்டுப் பிரிகிறோம் என்று எழுதியிருந்தது. கையெழுத்திட்டேன். வேலையை நானே விட்டதாகக் கணக்காகி, வேலையின்மைக் கொடுப்பனவு 12 வாரங்கள் நின்றது. கிடைக்க வேண்டிய மொத்தக் காலத்திலும் கால்பங்கு கழிந்தது.

2024 நவம்பரில் தைசன்குரூப் நிறுவனத்தின் உருக்குப் பிரிவு, தன் 27,000 வேலைகளை 16,000 ஆகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதன் பெரிய ஆலை இருக்கும் டூயிஸ்பேர்க்கில் வேலை செய்யும் நம்மவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தத் தாளையும் அங்கேயே ஒப்பமிடாதீர்கள். "வீட்டில் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எடுத்து வாருங்கள்.

பணிநீக்கம் காகிதத்தில், கையொப்பத்துடன் வர வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. கடிதம் கிடைத்த நாளை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். அன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். தவறினால், அநியாயமான பணிநீக்கமும் செல்லுபடியாகிவிடும். சட்டத்தரணி கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் 'ரெஷ்ட்ஸ்அன்ட்ராக்ஸ்டெல்ல' என்றொரு பிரிவு உண்டு. நீங்கள் வாயால் சொல்ல, அங்குள்ள அலுவலர் வழக்காக எழுதித் தருவார். கடிதம், வேலை ஒப்பந்தம், சம்பளத் துண்டுகளைக் கொண்டுபோங்கள். மொழி தடுமாறினால் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை முடிய மூன்று மாதங்களுக்கும் குறைவாக இருந்தால், தெரிந்த மூன்று நாட்களுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதியுங்கள். வேலையற்ற முதல் நாளில் மறுபடியும் பதிய வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இழப்பீடு தானாக வந்துவிடாது. 'பெட்ரீப்ஸ்ராட்' எனும் ஊழியர் மன்றம் பேசி வாங்கும் சமூகத் திட்டத்தில், அதாவது வேலை இழப்போருக்கான இழப்பீட்டு ஒப்பந்தத்தில், உங்கள் பெயரும் சேவை ஆண்டுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வழக்கில் சமரசமானால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்பது பொதுவான பேச்சுக் கணக்கு.

வேலை இழப்போரைத் தற்காலிகமாக ஏற்று, வேறு வேலை தேட உதவும் இடைமாற்று நிறுவனத்துக்குப் போகச் சொன்னால், ஐம்பதைத் தாண்டியவர்கள் போகலாம் என்பது என் கருத்து. அதிகபட்சம் ஒரு வருடம். இழந்த நிகரச் சம்பளத்தில் 60 வீதம், பிள்ளை இருந்தால் 67 வீதம் கிடைக்கும். அந்தக் காலம் வேலையின்மைக் கொடுப்பனவைத் தின்னாது. ஆனால் அதற்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒப்பமிடுமுன் தொழிற்சங்கத்தில் காட்டுங்கள்.

சேவைச் சான்றிதழை அலுவலகம் காலியாகும் முன்பே கேளுங்கள். பாரந்தூக்கி ஓட்டும் அனுமதி மேற்பார்வையாளரின் அலுமாரியில் இருந்தால், இன்றே போய் எடுத்து வாருங்கள்.