பல்லைப் பிடுங்கியாச்சு, இனி என்ன சாப்பிடுறது?

"மெதுவானதா, குளிர்ச்சியா சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்து, வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் மிளகு ரசம் கொதிக்கிறது. "சூடா ஒரு தம்ளர் குடிடா, வலி பறந்துரும்" என்றாள் அப்பத்தா. அன்றைக்கு ஆகாதது அதுதான்.

ஏன் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக உட்காரும். அதுதான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாளில் காது வரை வலி இழுக்கும். டிரை சாக்கெட் என்பார்கள். அதனால் எதைச் சாப்பிடும் முன்னும் கேளுங்கள்: இதை உறிஞ்சணுமா? சுடுமா, உறைக்குமா? குழிக்குள்ளே போய் ஒதுங்குமா?

படி 1: பிடுங்கிய அன்று

பஞ்சை டாக்டர் சொன்ன நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். மரமரப்பு போக இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகலாம். அதுவரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. பிறகு ஆறிய பால், மோர், கோன் இல்லாத ஐஸ்கிரீம்.

மதுரைக்காரர்களுக்கு இங்கே ஒரு ஆறுதல் உண்டு. ஜிகர்தண்டாவில் பால், பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்கிரீம், எல்லாமே வழுவழுவென்று இறங்குகிறவை. ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுங்கள், ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுப்பே கட்டியைப் பெயர்த்துவிடும். இளநீரையும் தம்ளரில் ஊற்றியே குடியுங்கள். பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஜிகர்தண்டா சரிப்படாது, மோரும் கஞ்சியும் போதும். ஆனால் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்.

படி 2: மறுநாளும் அதற்கடுத்த நாளும்

கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் எதுவும் வேண்டாம். இட்லிதான் ராஜா. ஆனால் நம்மூரில் இட்லி தனியாக வராது, பின்னாலேயே காரச் சட்னியும் வரும். அதைத் தொடாமல், இட்லியைப் பிய்த்துப் பாலும் சீனியும் ஊற்றி ஊறவிட்டு, மறுபக்கமாகவே சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழும் நல்லது, கடித்துக்கொள்ள வெங்காயம், மிளகாய் இல்லாமல்.

தயிர்சாதத்தில்தான் நான் ஏமாந்தேன். குழையப் பிசைந்ததுதான், ஆனால் பழக்க தோஷத்தில் தாளித்துக் கொட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கடுகு. நாக்கால் தொட்டால் குழிக்குள் உருள்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. குச்சியை விட்டு நோண்டக் கை பரபரத்தது. நோண்டாதீர்கள். 24 மணி நேரம் கழிந்திருந்தால், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, வாயில் வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். வேகமாகத் துப்பக் கூடாது. என் கடுகு மூன்றாவது தடவையில் வந்தது.

படி 3: நாலாம் நாள் முதல்

பருப்புசாதம், அவித்த முட்டை, வடிகட்டிய ரசத்தில் கரைத்த சாதம், ஆறவைத்த ஆட்டுக்கால் சூப் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம். பருத்திப்பால் வாங்கினால் தேங்காய்ப்பூ போடாமல் கேளுங்கள். முறுக்கு, கடலை, எள்ளுருண்டை ஒரு வாரமாவது தள்ளிப் போகட்டும். தையல் போட்டிருந்தால் இன்னும் தாமதமாகும்.

குறைய வேண்டிய வலி மூன்றாம் நாளில் கூடினாலோ, வாய் நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்தால் மெதுவாகிவிடுமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புரோட்டா மெதுவாகும், சால்னாவின் காரம் ஆகாது. ஒன்பதாம் நாள் ராத்திரி சாப்பிட்டேன், இடது பக்கமாகவே மென்று.