பொது நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? அனுபவத்தை எண்ணிப் பாருங்கள்

அரசுத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வர நினைத்து மேற்படிப்பு தேடுபவர்களுக்கு முதல் குழப்பம் பெயரிலேயே வரும். தமிழில் எழுதினால் வணிக நிர்வாகமும் எம்.பி.ஏ. (MBA), பொது நிர்வாகமும் எம்.பி.ஏ. (MPA)! விண்ணப்பத்தில் 'பப்ளிக்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வாங்கிய மதிப்பெண்ணுக்கு முன்பாகப் பார்த்த வேலையைக் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் பொதுக் கொள்கை முதுகலை 2 ஆண்டு, அது இளையவர்களுக்கு. பொது நிர்வாக முதுகலை ஓராண்டு, ஆனால் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளியில் ஓராண்டுப் பொது நிர்வாகப் படிப்புக்கு 7 ஆண்டு அனுபவம்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரையில் "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் எடுத்த ஒரே ஒரு முடிவைச் சொல்லுங்கள்: யார் எதிர்த்தார்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள், இன்றைக்கு என்றால் எதை மாற்றிச் செய்வீர்கள். தோற்றுப்போன முயற்சியாக இருந்தாலும் சரி. பரிந்துரைக் கடிதத்துக்கும் பெரிய பதவிக்காரரைத் தேடி அலைய வேண்டாம். அந்த முடிவைப் பக்கத்தில் இருந்து பார்த்த மேலதிகாரியைக் கேளுங்கள், விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே.