கல்லூரி ஆய்வுகளில் பங்கேற்பாளர் பாதுகாப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே வகுப்பில் தன் ஆய்வுக்கான படிவத்தைக் கொடுத்து, "விருப்பம் இருந்தால் நிரப்புங்க" என்றால் எந்த மாணவர் எழுந்து போவார்? கையெழுத்து கிடைக்கும், சம்மதம் கிடைக்காது. கல்லூரி ஆய்வுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், மறுக்கத் தயங்கும் நிலையில் இருப்பவர்களாக மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கின்றன. அந்த வகுப்புக்கு மார்க் போடாத ஒருவர் போய் விளக்கட்டும். ஆசிரியர் அறையிலேயே இருக்க வேண்டாம். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்ற பட்டியல் ரிசல்ட் வரும்வரை அவர் கண்ணில் படக் கூடாது.

அடுத்தது, "பெயர் கேட்கவில்லை, அதனால் ரகசியம்தான்" என்ற நம்பிக்கை. கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பு ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை அணைத்தாலும், துறை, ஆண்டு, சொந்த மாவட்டம், பாலினம் நான்கையும் கேட்டால் சின்னக் கல்லூரியில் அது ஒரே ஒரு மாணவியைத்தான் காட்டும். ஆய்வுக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். ஐந்து பேருக்கும் குறைவான பிரிவை அட்டவணையில் தனியாகக் காட்டாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.

மனநல ஆய்வுகளில் நிலைமை இன்னும் சிக்கல். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாப்பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. பெயரில்லாத ஃபார்மில் ஒருவர் "ஏறக்குறைய தினமும்" என்று குறித்தால், அந்தப் பதில் எக்செல் ஷீட்டில் யாரும் பார்க்காமல் கிடக்கும். பார்த்தாலும் ஆளைத் தேட வழியில்லை. ஆகவே முன்கூட்டியே முடிவெடுங்கள். ஒன்று, அடையாளத்தோடு வாங்கி, அன்றன்றைக்கே பதில்களைப் பார்க்க ஆலோசகர் ஒருவரை வையுங்கள். ஆபத்து தெரிந்தால் அவர் தொடர்புகொள்வார் என்பதைப் பங்கேற்பாளருக்குத் தரும் தகவல் தாளிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8 போதும். எதுவானாலும் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கட்டும்.

முதலாமாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருப்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. 18 நிரம்பாதவருக்குப் பெற்றோரின் அனுமதியும் வேண்டும், அவருடைய எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். களப்பணியில் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதாக இருந்தால், ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். படிவத்தின் நகலைப் பங்கேற்பாளரிடம் கொடுக்காமல் வராதீர்கள்.

"வெறும் சர்வேதானே" என்று, ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகாமல் விடுவதும் உண்டு. பரிசீலனையிலிருந்து விலக்கு உண்டா இல்லையா என்பதை அந்தக் குழுதான் சொல்ல வேண்டும். கைடு சொல்ல முடியாது. தரவு சேகரித்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள். அனுமதி வந்தபின் ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பி, பதில் வந்தபிறகே பயன்படுத்துங்கள்.